மல்டிபாத் டிசிபி: தனிக் கெர்னலும் தாய்க் கெர்னலும்

ஆந்திராவின் புத்தூரிலிருந்து சென்னைக்கு மாம்பழம் ஏற்றிப்போகும் வண்டிக்கு இரண்டு சாலைகள் உண்டு. ஒன்று நகரி, திருத்தணி, திருவள்ளூர் வழியாகப் போகும். இன்னொன்று நாராயணவனம், நாகலாபுரம், ஊத்துக்கோட்டை வழியாகப் போகும். ஒன்றில் தண்ணீர் நின்றால் மற்றதில் திரும்பிவிடலாம். இணையத்துக்கும் இன்று இந்த ஊர்க் கடைகளில் இரண்டு வழிகள் இருக்கின்றன: கம்பத்தில் வரும் ஃபைபர், சட்டைப்பையில் கிடக்கும் போன். ஆனால் ஃபைபர் அறுந்தால், அதில் பாதி ஓடிக்கொண்டிருந்த வேலை தானாகப் போனுக்குத் திரும்புவதில்லை. நின்ற இடத்திலேயே செத்துப்போகிறது.

ஃபைபர் அறுவது இங்கே அபூர்வம் அல்ல. ஆந்திர அரசின் ஃபைபர்நெட் திட்டம் 2017 டிசம்பரில் தொடங்கப்பட்டபோது, கம்பியை மண்ணில் புதைக்காமல் மின்கம்பங்களின் மேலேயே இழுத்தார்கள். ஊருக்கு இணையம் குறைந்த செலவில் சீக்கிரம் வந்து சேர அது உதவியது. மேலே போகும் கம்பிக்கு மரக்கிளையும் ஆபத்து, உயரமாகச் சரக்கேற்றிய லாரியும் ஆபத்து. 2021 நவம்பர் மழையில் திருப்பதி வட்டாரம் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அரசுச் சேவைகளுக்கான மீசேவா கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டா நகலோ சாதிச் சான்றிதழுக்கான தாள்களோ ஸ்கேன் செய்யப்பட்டு ஏறிக்கொண்டிருக்கின்றன. முக்கால்வாசி ஏறியதும் திரை நிற்கிறது. "அண்ணா, நெட்டு போயிடுச்சு, போன்ல மாத்துங்க" என்கிறார் உதவிக்கு இருக்கும் பையன். ஹாட்ஸ்பாட் போட்டதும் இணையம் வந்துவிடுகிறது, ஆனால் ஏற்றிய கோப்பு வரவில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டும். டிசிபி இணைப்பு நான்கு எண்களால் அடையாளம் காணப்படுகிறது: இந்தப் பக்கத்து ஐபி முகவரி, போர்ட், அந்தப் பக்கத்து ஐபி முகவரி, போர்ட். ஃபைபரிலிருந்து போனுக்கு மாறினால் முதல் எண் மாறிவிடும். சர்வரின் கண்ணில் அது வேறொரு ஆள், வேறொரு இணைப்பு.

இந்தக் குறையைத் தீர்க்கப் பிறந்ததுதான் மல்டிபாத் டிசிபி. மாம்பழப் பெட்டிகளுக்கெல்லாம் கிடங்கிலேயே வரிசை எண் எழுதிவிட்டால், எந்தப் பெட்டி எந்தச் சாலையில் வந்தாலும் சென்னையின் கோயம்பேடு சந்தையில் எண் பார்த்து அடுக்கிவிடலாம். மல்டிபாத் டிசிபி செய்வதும் அதுதான். முழு இணைப்புக்கும் பொதுவான ஒரு வரிசை எண் இருக்கிறது. அதன் கீழே ஒவ்வொரு வழிக்கும் ஒரு கிளை இணைப்பு ஓடுகிறது. ஒரு கிளை அறுந்தால், அதில் போய்ச் சேராத தரவை இன்னொரு கிளையில் மறுபடி அனுப்புகிறார்கள். மேலே இருக்கும் செயலிக்கு எதுவுமே நடக்காதது போல இருக்கும்.

எண்ணம் எளிது. அதை லினக்ஸுக்குள் கொண்டுவந்த முயற்சிகள் இரண்டு. இரண்டும் திறந்த மூலம், இரண்டும் ஒரே நெறிமுறையின் பேரைத் தாங்கியவை, ஆனால் குணத்தில் வெகுதூரம் விலகியவை. முதலாவது பெல்ஜியத்தின் யூ.சி.லூவேன் பல்கலைக்கழகத்தில் ஒலிவியே பொனவாந்தூரின் குழுவில் வளர்ந்தது. செபாஸ்டியன் பாரே, கிறிஸ்டோஃப் பாஷ் முதலியோர் எழுதிய அந்தக் கெர்னல், லினக்ஸின் தாய்க் கிளையில் சேராமல் தனியாகவே வாழ்ந்தது. இரண்டாவது, 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6-இல் தாய்க் கெர்னலுக்குள்ளேயே நுழைந்தது. இன்டெலின் மாட் மார்டினோ, டெஸாரெஸ் நிறுவனத்தின் மத்தியூ பார்ட்ஸ், ரெட் ஹேட்டின் பாவ்லோ அபேனி, ஃப்ளோரியன் வெஸ்ட்ஃபால் எனப் பல இடத்துக்காரர்கள் சேர்ந்து அதை ஏறக்குறைய புதிதாகவே எழுதினார்கள்.

இவற்றை எந்த அளவுகோலால் அளப்பது? 2011-இல் வந்த ஆர்.எஃப்.சி. 6182 அதைத் தருகிறது. ஆலன் ஃபோர்டு, காஸ்டின் ரைச்சு, மார்க் ஹேண்ட்லி, பாரே ஆகியோருடன் ஜனார்த்தன் ஐயங்காரும் எழுதிய ஆவணம் அது.  பல வழிகளைச் சேர்த்த இணைப்பு, ஒற்றை வழி டிசிபியைவிட எந்த நிலையிலும் உறுதி குறைந்து போகக் கூடாது. இருக்கிற செயலிகள் மாற்றமின்றி ஓட வேண்டும். இடையில் நிற்கும் கருவிகள் குறுக்கிட்டாலும் பிழைக்க வேண்டும். இவை மூன்றும் அதன் அடிப்படைக் கட்டளைகள். நம்பகமும் பயன்பாட்டு எளிமையும் ஒரே மூச்சில் கேட்கப்பட்டிருக்கின்றன.

இரண்டாவது கட்டளையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியது பழைய தனிக் கெர்னல்தான். அதை நிறுவிவிட்டால் கணினியில் ஓடும் எல்லா டிசிபி செயலிகளும் தாமாகவே மல்டிபாத்துக்கு மாறிவிடும். ப்ரவுசர், கோப்பு ஏற்றும் நிரல், மின்னஞ்சல் எதுவும் எதையும் கேட்க வேண்டியதில்லை. இதை நான் இன்றும் மதிக்கிறேன். கடைக்காரருக்கு வேண்டியது இதுதானே? அவர் தம்முடைய செயலியைத் திருத்தி எழுத முடியாது.

ஆனால் "நிறுவிவிட்டால்" என்ற சொல்லுக்குள் பெரிய பாரம் ஒளிந்திருக்கிறது. கணினியோடு வந்த கெர்னலைக் கழற்றி, இந்தக் குழு கட்டித்தந்த கெர்னலைப் போட வேண்டும். அல்லது மூலத்தை இறக்கி நாமே கம்பைல் செய்ய வேண்டும். அதன் பின் ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தமும் நம் விநியோகத்திடமிருந்து வராது, அந்தச் சிறு குழுவிடமிருந்துதான் வர வேண்டும். அவர்கள் நீண்டகால ஆதரவுள்ள கெர்னல்களைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள்: 0.94 பதிப்பு 4.14-இன் மேல், 0.95 பதிப்பு 4.19-இன் மேல், 0.96 பதிப்பு 5.4-இன் மேல். ஒவ்வொரு தாவலிலும் டிசிபியின் குடலுக்குள் செய்த மாற்றங்களையெல்லாம் புதிய இடத்தில் தைத்துப் பொருத்த வேண்டியிருந்தது. 0.96-க்கு அப்பால் நகரவில்லை. 5.4 கெர்னலுக்கான நீண்டகால ஆதரவும் 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டது. இன்று அதை ஒரு கடைக் கணினியில் ஓடவிடுவது, பூட்டுச் சாவி செய்பவரே இல்லாத பூட்டைக் கதவில் மாட்டுவதற்குச் சமம்.

தாய்க் கெர்னலில் இருப்பது இதற்கு நேர் எதிர். உபுண்டு, டெபியன், ஃபெடோரா ஆகியவற்றின் அண்மைப் பதிப்புகளில் அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ஆனால் எந்தச் செயலியும் கேட்காமல் அது விழிப்பதில்லை. சாக்கெட் திறக்கும்போது டிசிபிக்கான 6 என்ற நெறிமுறை எண்ணுக்குப் பதிலாக 262 என்று சொல்ல வேண்டும். 256-உடன் 6 சேர்ந்தது அது. இந்த 262 கம்பியில் எங்கும் பயணிப்பதில்லை. வெளியே போகும் பாக்கெட்டில் வழக்கமான 6-தான் இருக்கும். செயலிக்கும் கெர்னலுக்கும் இடையிலான சமிக்ஞை மட்டுமே இது.

ஒரே ஓர் எண்ணை மாற்றுவது நிரலாளருக்கு நிமிட வேலை. அந்த நிரலாளர் மாற்ற மனம் வைக்காவிட்டால் புத்தூர்க் கடைக்காரர் செய்ய என்ன இருக்கிறது? இதற்கு ஒரு மாற்றுவழி தந்திருக்கிறார்கள். "எம்பிடிசிபிஐஸ்" என்ற சிறு கருவி, நிரல் சாக்கெட் கேட்கும் தருணத்தில் நடுவில் புகுந்து 6-ஐ 262 ஆக்கிவிடும். நிரலின் மூலத்தைத் தொட வேண்டியதில்லை. கோ மொழியில் எழுதப்பட்டவை போன்ற நிரல்கள் வழக்கமான சி நூலகத்தின் வழியாகக் கேட்பதில்லை என்பதால் அவற்றிடம் இந்த உத்தி பலிக்காது. அந்த ஓட்டையைக் கோ குழுவே அடைத்தது: 2023-இல் வந்த 1.21-இல் மல்டிபாத்தைக் கேட்கும் வசதி வந்தது, 2025-இல் வந்த 1.24-இல் சர்வர் பக்கம் காத்திருக்கும் சாக்கெட்டுகள் இயல்பாகவே மல்டிபாத்தாக ஆகிவிட்டன. கர்ல் போன்ற அன்றாடக் கருவிகளிலும் இதற்கான தெரிவு வந்துவிட்டது. கதவு ஒவ்வொன்றாகத் திறக்கிறது. எல்லாக் கதவையும் ஒரே சாவியால் திறந்தது பழையதுதான் என்பதையும் மறைக்க முடியாது.

அப்படியானால் புதியதை எழுதியவர்கள் ஏன் இந்தக் கடினமான வழியைத் தேர்ந்தார்கள்? மல்டிபாத்தை ஒருபோதும் பயன்படுத்தாத கோடிக்கணக்கான கணினிகளில் சாதாரண டிசிபியின் வேகம் இம்மியும் குறையக் கூடாது என்பது தாய்க் கெர்னலுக்குள் நுழைய அவர்கள் ஏற்றுக்கொண்ட நிபந்தனை. ஒவ்வொரு பாக்கெட்டையும் தாங்கும் அடிப்படைக் கட்டமைப்பைப் பெருக்காமல், தேவைப்படும்போது மட்டும் ஒட்டிக்கொள்ளும் நீட்சி ஒன்றை உருவாக்கினார்கள். மல்டிபாத் சாக்கெட்டை டிசிபி சாக்கெட்டிலிருந்து பிரித்து வைத்தார்கள். அதனால் வசதிகள் மெதுவாகத்தான் வந்தன. 5.6-இல் ஒரே ஒரு கிளை இணைப்புதான், பெயரளவு மல்டிபாத். 5.7-இல் கூடுதல் கிளைகள் வந்தன. ஒன்றுக்கு மேற்பட்ட கிளைகளில் ஒரே நேரத்தில் தரவு அனுப்புவது அதற்கும் பிறகு. அந்த வருடங்களில் பழையதில் இருந்தவை புதியதில் இல்லை என்று பலர் குறைபட்டார்கள். பொறுமையாகக் கட்டியது சரியே என்று நான் நினைக்கிறேன். டிசிபியைக் குலைக்காமல் நுழைந்ததால்தான் அது எல்லார் கணினிக்கும் வந்தது.

இனி வழிகளை அமைக்கும் வேலைக்கு வருவோம். பயன்பாட்டு எளிமை உண்மையில் தீர்மானமாகும் இடம் இது.

கடையில் ஒரு லினக்ஸ் பெட்டி. ஒரு பக்கம் ஃபைபர் ரூட்டர், இன்னொரு பக்கம் யுஎஸ்பி கம்பியில் போன். பழைய கெர்னலில் ஒவ்வொரு இடைமுகத்துக்கும் தனி ரூட்டிங் அட்டவணை எழுத வேண்டும். போனின் முகவரியிலிருந்து கிளம்பும் பாக்கெட் போனின் கேட்வே வழியாகத்தான் போக வேண்டும் என்று விதி போட வேண்டும். போடாவிட்டால் இரண்டு கிளைகளும் ஃபைபர் வழியாகவே கிளம்பும். ஃபைபர் அறுந்தால் இரண்டும் ஒன்றாகச் சாகும். வெளியிலிருந்து பார்த்தால் மல்டிபாத் ஓடுவது போலவே தெரியும் என்பதுதான் இதில் கொடுமை. போனைக் கழற்றி மாட்டினால் முகவரி மாறும், விதிகளை மறுபடி எழுத வேண்டும். இதற்கென்று ஸ்கிரிப்ட் கொடுத்திருந்தார்கள். அந்த ஸ்கிரிப்ட் உங்கள் விநியோகத்தோடு ஒத்துப்போனால் நல்லது. போனைக் காப்புவழியாக மட்டும் வைக்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாகத் திருத்திய ஐபி கருவித் தொகுப்பும் வேண்டும்.

இந்தக் காப்புவழி விஷயம் நம் ஊரில் சிறியதல்ல. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று அளந்து தரும் ப்ரீபெய்டு திட்டத்தில் போன் ஓடுகிறது. ஃபைபர் நன்றாக இருக்கும்போதே போனிலும் தரவு பாய்ந்தால் மதியத்துக்குள் அன்றைய பங்கு தீர்ந்துவிடும். புதியதில் இது விநியோகத்தோடு வரும் ஐபி கட்டளையிலேயே இருக்கிறது: போனின் முகவரியைப் பதிவு செய்யும்போது "பேக்கப்" என்ற கொடியைச் சேர்த்தால் போதும். எதிர்ப்பக்கத்துக்கும் அந்தச் செய்தி போகிறது. கிளை இணைப்பு முன்கூட்டியே உயிரோடு தயாராக நிற்கும், தரவு மட்டும் போகாது. ஃபைபர் போன பிறகு கைகுலுக்கலைத் தொடங்க வேண்டிய தாமதமே இல்லை.

முகவரிகளைப் பதிவு செய்யும் வேலையையும் 1.40 பதிப்பிலிருந்து நெட்வொர்க்மேனேஜர் எடுத்துக்கொண்டது. போனைச் செருகினால் முகவரியைச் சேர்க்கிறது, பிடுங்கினால் நீக்குகிறது. இன்னொன்றும் செய்கிறது. வந்த பாக்கெட் அதன் மூல முகவரிக்குப் போகும் வழியிலேயே வந்ததா என்று கெர்னல் கண்டிப்பாகச் சோதிக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அது இறுக்கமாக இருந்தால் இரண்டாவது வழியில் வரும் பதில்கள் சத்தமில்லாமல் எறியப்படும். நெட்வொர்க்மேனேஜர் அந்த இறுக்கத்தைத் தளர்த்திவைக்கிறது. இதைக் கண்டுபிடிக்கவே முன்பு பாக்கெட் பிடிக்கும் கருவியோடு மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருந்தது. இருந்தாலும் ஒரு பொறி மிச்சமிருக்கிறது: இரண்டு நிறுவனங்களின் ரூட்டர் பெட்டிகளும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியோடு வந்தால் லினக்ஸ் பெட்டி குழம்பிவிடும். ஒன்றின் உள்வலை எண்ணை மாற்றியே ஆக வேண்டும். அதை எந்தக் கெர்னலும் நமக்காகச் செய்யாது.

நம்பகத்துக்கு வருகிறேன். இங்கே வேறுபாடு கெர்னலோடு நிற்கவில்லை, நெறிமுறையின் உள்ளேயே இருக்கிறது. பழையது 2013 ஜனவரியில் வந்த ஆர்.எஃப்.சி. 6824-இன் பிள்ளை, சோதனைநிலை ஆவணம். புதியது 2020 மார்ச்சில் வந்த ஆர்.எஃப்.சி. 8684-ஐப் பின்பற்றுகிறது, அதுவே தரநிலைப் பாதையில் ஏறிய பதிப்பு. "எனக்கு இன்னொரு முகவரியும் உண்டு" என்று ஒரு முனை மறுமுனைக்குச் சொல்லும் செய்தியை எடுத்துக்கொள்வோம். முதல் பதிப்பில் அந்தச் செய்திக்குக் கையெழுத்து இல்லை. வேறொருவர் போலி முகவரியைப் புகுத்தி இணைப்பைத் தன் பக்கம் இழுக்க இடமிருந்தது. 2015-இல் ஆர்.எஃப்.சி. 7430 இதை வெளிப்படையாகவே எடுத்துவைத்தது. புதிய பதிப்பில் அந்தச் செய்தியோடு மறைக்குறியீட்டுச் சான்று சேர்ந்தே வருகிறது, ஷா-1 போய் ஷா-256 வந்தது. இன்னொரு குறையும் தீர்ந்தது: முகவரிச் செய்தி வெறும் டிசிபி ஆப்ஷனாகப் போவதால் வழியில் தொலைந்தால் யாருக்கும் தெரியாது. இப்போது பெற்றவர் அதை எதிரொலித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். எதிரொலி வராவிட்டால் அனுப்பியவர் மறுபடி சொல்வார்.

இடையில் நிற்கும் கருவிகளின் தொல்லையை இரு குழுவினரும் முதலிலிருந்தே அறிந்திருந்தார்கள். புரியாத டிசிபி ஆப்ஷனைக் கண்டால் உரித்து எறியும் ஃபயர்வால்கள் உண்டு. அப்படி நடந்தால் சாதாரண டிசிபியாக இறங்கி வேலையைத் தொடர்வது இரண்டிலும் உண்டு. உரிப்பதற்குப் பதிலாக முழுப் பாக்கெட்டையே விழுங்கும் வலையமைப்பு இன்னும் மோசமானது. ஒவ்வொரு முறையும் முதல் பாக்கெட்டுகள் காணாமல் போய், தாமதமாகத்தான் இணைப்பு பிறக்கும். தாய்க் கெர்னலின் அண்மைப் பதிப்புகள் இந்தக் கருந்துளையை அடையாளம் கண்டு, இயல்பாக ஒரு மணி நேரத்துக்கு மல்டிபாத்தைக் கேட்பதையே நிறுத்திவைக்கின்றன. அதே போல, தரவு கொடுத்தும் திரும்பத் திரும்ப ஒப்புதல் வராத கிளையை நாட்பட்டது என்று முத்திரையிட்டு ஒதுக்கி, மற்றக் கிளைக்கு வேலையைத் தருகின்றன. மழையில் ஈரமேறிய இணைப்பி போல முழுதாகச் சாகாமல் விட்டுவிட்டு வரும் வழிக்கு இது பெரிய மருந்து. முழுவதும் அறுந்த கம்பியைவிட அரைகுறையாக வரும் கம்பிதான் இணைப்பை அதிகம் வதைக்கும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை தருவது சோதனைகள்தான். புதிய குறியீட்டோடு சோதனை ஸ்கிரிப்ட்டுகளும் தாய்க் கெர்னலிலேயே வாழ்கின்றன. ஒரே கணினிக்குள் பல போலிக் கணினிகளை எழுப்பி, நடுவில் பாக்கெட்டைத் தொலைத்து, வரிசை குலைத்து, முகவரியைச் சேர்த்து நீக்கி, ஒவ்வொரு மாற்றத்தின் போதும் ஓட்டிப்பார்க்கிறார்கள்.

பழையது இன்னும் முந்தி நிற்கும் இடமும் உண்டு. ஒரே தரவை இரண்டு வழியிலும் இரட்டையாக அனுப்பும் அட்டவணையாளர், வழிகளை மாறிமாறிப் பயன்படுத்துவது, நெரிசலைப் பல கிளைகளுக்கும் சேர்த்துக் கணக்கிடும் அல்காரிதம்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் வேண்டிய அளவு விளையாடிப் பார்க்க இடம் கொடுத்தது அது. தென்கொரியாவின் கேடி நிறுவனம் 2015-இல் கேலக்ஸி எஸ்6 போன்களில் எல்டிஇ-யையும் வைஃபையையும் இணைத்துச் சேவை தந்தது தாய்க் கெர்னலுக்குள் மல்டிபாத் வருவதற்கு 5 வருடங்கள் முந்தி. அந்த அனுபவம் இல்லாமல் இரண்டாவது பிறந்திருக்காது.

இரண்டு கெர்னல்களுக்கும் பொதுவான ஒரு தடை மிச்சம். மறுமுனையும் மல்டிபாத் பேச வேண்டும். ஆப்பிள் 2013-இல் ஐஓஎஸ் 7-இல் சிரிக்காக இதைக் கொண்டுவர முடிந்தது, போனும் சர்வரும் அவர்கள் கையிலேயே இருந்ததால். மீசேவா கடைக்காரர் பேச வேண்டிய சர்வர் அவர் கையில் இல்லை. ஆகவே நடுவில் ஒரு ப்ராக்ஸி வேண்டும்: வாடகைக்கு எடுத்த ஒரு சிறு சர்வர். கடையிலிருந்து அதுவரை மல்டிபாத், அதற்கு அப்பால் சாதாரண டிசிபி. ஃபைபர் அறுந்தாலும் ப்ராக்ஸியின் முகவரி மாறாது, அதனால் தூரத்துச் சர்வருக்கு எதுவும் தெரியாது. ஓப்பன்எம்பிடிசிபிரூட்டர் என்ற திறந்த மூலத் தொகுப்பு இந்த இரு முனைகளையும் ஒன்றாகக் கட்டித்தருகிறது. முதலில் பழைய கெர்னலை நம்பி வளர்ந்த அதுவும் பின்னர் தாய்க் கெர்னலின் மல்டிபாத்துக்கு நகர்ந்தது. ரூட்டரே எல்லாச் செயலிகளின் போக்குவரத்தையும் வாங்கி ப்ராக்ஸிக்குத் தருவதால், "எல்லாச் செயலிக்கும் தானாக" என்ற பழையதன் பெருமையைப் புதியதும் இந்த வழியில் எட்டிப்பிடிக்கிறது.

புத்தூரில் இதை இன்று அமைப்பவருக்கு என் பரிந்துரை தயக்கமற்றது: தாய்க் கெர்னல், நெட்வொர்க்மேனேஜர், போனுக்குப் பேக்கப் கொடி, ஏறத்தாழ 110 கிலோமீட்டரில் இருக்கும் சென்னையின் தரவு மையம் ஒன்றில் ப்ராக்ஸி. ப்ராக்ஸி சிங்கப்பூரிலோ ஐரோப்பாவிலோ வேண்டாம். எல்லாப் போக்குவரத்தும் அந்தச் சுற்றைச் சுற்றியே வர வேண்டியிருக்கும். அமைத்து முடித்ததும் பெரிய கோப்பு ஒன்றை ஏற்றத் தொடங்கி, பாதியில் ஃபைபர் கம்பியை ரூட்டரிலிருந்து பிடுங்கிப் பாருங்கள். ஏற்றம் சில நொடி தயங்கிப் பிறகு தொடர வேண்டும். நின்றுவிட்டால், கிளைகளைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையை ஓட்டி, இரண்டாவது கிளை உண்மையில் போனின் முகவரியிலிருந்துதான் கிளம்பியிருக்கிறதா, அல்லது இணைப்பு எப்போதோ சாதாரண டிசிபியாக இறங்கிவிட்டதா என்று முதலில் பாருங்கள். அந்த இறக்கத்தைப் பயனாளருக்கு வெளிப்படையாகச் சொல்லும் ஒரு விளக்கோ எச்சரிக்கையோ இன்னும் எந்த டெஸ்க்டாப்பிலும் என் கண்ணில் படவில்லை. அடுத்து யாராவது எழுத வேண்டியது அதுதான்.